அரளி பூட்டும் கதவு

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் வயல் வயலாக அரளி நிற்கும். மொட்டாகவே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாமிக்குப் போடும் அந்த மாலையின் செடிக்கு இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். அது உடம்பில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்று பார்த்தால், நாம் உயிரோடு இருக்கும் விதமே கொஞ்சம் புரியும்.

ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல் சோடியம், 4 மில்லிமோல் பொட்டாசியம். செல்லுக்குள் அப்படியே தலைகீழ்: பொட்டாசியம் 140 அளவில், சோடியம் 10 முதல் 15 வரைதான். சவ்வின் நுண்ணிய வழிகளில் சோடியம் உள்ளேயும் பொட்டாசியம் வெளியேயும் கசிந்துகொண்டே இருக்கும். அதை அப்படியே விட்டால் வித்தியாசம் கரைந்து, நரம்பில் சேதி ஓடாது, இதயம் துடிக்காது.

கசிந்ததைத் திருப்பி அனுப்பும் வேலையை ஒரு புரதம் செய்கிறது. அதை சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்கிறோம். அது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்காத ஒரு அறை மாதிரி. முதலில் செல்லின் உட்பக்கம் திறந்து 3 சோடியம் அயனிகளை ஏற்றுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி ஒரு பாஸ்பேட்டை அதன்மேல் ஒட்டிவிட, புரதம் உருவம் மாறி வெளிப்பக்கம் திறக்கிறது. சோடியம் இறங்கிவிடும், 2 பொட்டாசியம் ஏறிக்கொள்ளும். அப்புறம் பாஸ்பேட் விலக, பழைய உருவத்துக்குத் திரும்பி பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு வேலையே எடுத்துக்கொள்கிறது. எனக்கு இது இன்றும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ, நண்டுக்கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து, ஏடிபியை உடைக்கும் நொதியாக இந்தப் புரதத்தை 1957இல் விவரித்தார். செல்லிலிருந்து சோடியம் வெளியேற்றப்படுவதை உவாபைன் என்ற தாவர விஷம் நிறுத்தும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. மறு வருடம் வியன்னா மாநாட்டில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் போஸ்ட் அவரிடம், "உவாபைன் இதைத் தடுக்கிறதா?" என்று கேட்டார். உடனே தன் ஆய்வகத்துக்குப் போன் செய்து சோதிக்கச் சொன்னார் ஸ்கௌ. ஆமாம், தடுத்தது. சோடியம் பம்ப் இதுதான் என்று உறுதிப்பட அது பெரிதும் உதவியது. 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உவாபைனின் உறவுக்காரப் பொருள்தான் அரளியில் இருக்கும் ஓலியாண்ட்ரின். வெளிப்பக்கம் திறந்திருக்கும் நேரம் பார்த்து அது பம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பம்ப் அப்படியே நின்றுவிடும். இதயத் தசையில் சோடியம் தேங்கும். சோடியத்தின் ஓட்டத்தை நம்பித்தான் கால்சியம் வெளியேற்றப்படுகிறது என்பதால் அதுவும் தேங்கி, துடிப்பு தாறுமாறாகும். உள்ளே போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். குழந்தை அரளியைக் கடித்தது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஈசிஜியும் ரத்தப் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும். இதே வகைப் பொருளான டிஜாக்சினை மருத்துவர்கள் மிக நுண்ணிய அளவில் இதய நோய்க்கே கொடுக்கிறார்கள்.

சரி, இத்தனை விஷத்தைச் சுமக்கும் அரளிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? செடியின் செல்லில் இந்தப் பம்பே கிடையாது. அது சோடியத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, அந்த வித்தியாசத்தை வைத்தே தன் காரியங்களை நடத்திக்கொள்கிறது.