ஜாக்கி சானா, மை டியர் பூதமா? சண்டைய தீக்க ஒரு செஸ் கணக்கு

பொங்கல் லீவுக்கு அயனாவரத்துல அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி மொட்டை மாடில பாய விரிச்சு நான், தங்கச்சி, அத்தை பையன் மூணு பேரும் படுத்துக்கிட்டு சும்மா ஆரம்பிச்ச பேச்சு, சின்ன வயசுல பாத்த ஷோலயே எது டாப்புன்னு. பத்து நிமிஷத்துல முடியுற மேட்டர்னு நெனச்சா மணி ஒன்னரை ஆயிடுச்சு, நடுவுல ரெண்டு வாட்டி அத்தை மேல வந்து "ஏழு கழுத வயசாச்சு, டோராவுக்காடா கத்திட்டு கெடக்கீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க தூங்க வேணாமா"ன்னு திட்டிட்டுப் போனாங்க. சண்டை தீரல. ஏன் தீரலன்னு அப்புறம் உக்காந்து படிச்சப்ப தான் தெரிஞ்சுது, ரேங்க் போடறதே ஒரு தனி சயின்ஸு, நம்ம மூளை அதுல செம வீக்கு.

12 ஷோ எடுத்துக்கிட்டோம். சுட்டி டிவி 2007 ஏப்ரல்ல வந்துச்சு, எனக்கு அப்ப எட்டு வயசு, அதனால அது தான் எங்க காலத்தோட நடு சென்டர். ஜாக்கி சான் கார்ட்டூன், டோரா, சன் டிவில வந்த மை டியர் பூதம், பவர் ரேஞ்சர்ஸ், டாம் அண்ட் ஜெர்ரி, சக்திமான், மிஸ்டர் பீன் கார்ட்டூன்னு போகும், மிச்சத்த சொன்னா நீங்களும் சண்டைக்கு வருவீங்க, வேணாம்.

ஆளுக்கு ஒரு லிஸ்ட்டு, 1ல இருந்து 12 வரைக்கும், ஃபோன்ல டைப் பண்ணனும். எனக்கு மொத எடமும் கடைசி எடமும் பட்டுன்னு வந்துருச்சு. நடுவுல நாலுல இருந்து ஒம்போது வரைக்கும் தான் தலைவலி, தூக்கி மேல வெக்கறேன், கீழ வெக்கறேன், திருப்தியே வரல. அர மணி நேரம் கழிச்சு பழசப் பாக்காம மறுபடி எழுதிப் பாத்தா நடுவுல எல்லாம் எடம் மாறிக் கெடக்கு. தங்கச்சி "ண்ணா நீ ஃபிராடு"ன்னா, அவ லிஸ்ட்டும் அதே லட்சணம் தான்.

இதுல ஃபிராடு ஒண்ணும் இல்ல. பூதத்துக்கு 78, டோராவுக்கு 74ன்னு மார்க் ஷீட் எதுவும் தலைக்குள்ள இல்ல, கேக்கற அந்த நிமிஷத்துல என்ன ஞாபகம் மேல மிதக்குதோ அத வெச்சு மூளை புதுசா ஒரு மார்க் போடுது, அடுத்த வாட்டி கேட்டா வேற ஞாபகம் மிதக்கும், வேற மார்க்கு. 12 பொருள ஒரே நேரத்துல மனசுல நிறுத்தி வரிசை கட்டச் சொன்னா திணறும், ஆனா ரெண்ட மட்டும் காட்டி எதுடான்னு கேட்டா பதில் வந்துரும். லூயிஸ் தர்ஸ்டன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1927லயே இத வெச்சு ஒரு கணக்கு எழுதிட்டாரு. மார்க் போடச் சொல்லாத, ஜோடி ஜோடியா ஒப்பிடச் சொல்லு, எது எத்தன வாட்டி ஜெயிக்குதுன்றத வெச்சு ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு பின்னாடி இருந்து கண்டுபிடிச்சுக்கலாம்ன்றது தான் அதுல விஷயம்.

சரி ஜோடி போடுவோம்னு ஆரம்பிச்சோம், மூணு ஓட்டுல ரெண்டு வாங்கினா ஜெயிச்சாச்சு. ஜாக்கி சானும் பூதமும் மோதினா ஜாக்கி சான், ரெண்டுக்கு ஒண்ணு. பூதமும் பவர் ரேஞ்சர்ஸும் மோதினா பூதம், அதுவும் ரெண்டுக்கு ஒண்ணு. அப்போ ஜாக்கி சான் பவர் ரேஞ்சர்ஸ தூக்கிப் போட்டு மிதிக்கணுமா இல்லியா? தோத்துருச்சு. ரெண்டுக்கு ஒண்ணு.

மூணு பேரும் ஒழுங்கா தான் ஓட்டு போட்டோம். என் வரிசை ஜாக்கி, பூதம், ரேஞ்சர்ஸ். தங்கச்சியோடது பூதம், ரேஞ்சர்ஸ், ஜாக்கி. அத்தை பையனுக்கு ரேஞ்சர்ஸ், ஜாக்கி, பூதம். தனித்தனியா பாத்தா எவன் வரிசைலயும் கோளாறு இல்ல, ஒண்ணா சேத்தா வட்டமா சுத்துது, நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. 1785லயே கோந்தோர்சேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இத கண்டுபிடிச்சு எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் 1951ல கென்னத் ஆரோன்னு ஒரு அமெரிக்க பொருளாதாரக்காரர் இன்னும் ஒரு படி மேல போய், மூணோ அதுக்கு மேலயோ சாய்ஸ் இருந்தா, ஆளுங்களோட வரிசைய எல்லாம் சேத்து ஒரே வரிசை ஆக்கற எந்த முறையும் நியாயமான ஒரு நாலு கண்டிஷன ஒண்ணா காப்பாத்த முடியாதுன்னு கணக்காவே நிரூபிச்சுட்டாரு. அதாவது அத்தை ராத்திரி ரெண்டு வாட்டி மாடி ஏறினதுக்குக் காரணம் எங்க வாய் மட்டும் இல்ல, கணக்குலயே அடி வாங்கியிருக்கோம்.

அத்தை பையன் ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனில இருக்கான். காலைல காப்பிய கைல வெச்சுக்கிட்டே "மச்சான், செஸ்காரன் பண்றத நாம பண்ணா என்ன"ன்னான். கரெக்டு தான், ஆனந்த் வளந்த ஊரு, 2022ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்ப நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளை கட்டம் அடிச்ச ஊரு, குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆன அன்னிக்கு ஈலோ ரேட்டிங்னு டீக்கடைல கூட பேசிட்டு இருந்தாங்க. அந்த ஈலோன்றது ஒரு ஆளோட பேரு, அர்பாத் ஈலோ, ஹங்கேரில பொறந்து அமெரிக்காவுல ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுத்த வாத்தியார். அவரோட முறைய உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1970ல எடுத்துக்கிச்சு.

எப்படி வேல செய்யுதுன்னா, எல்லாருக்கும் ஆரம்பத்துல ஒரே நம்பர், நாங்க 1500 வெச்சோம். மேட்ச்சுக்கு முன்னாடியே ரெண்டு பேரோட நம்பர் வித்தியாசத்த வெச்சு ஜெயிக்கற சான்ஸ் எவ்ளோன்னு ஒரு கணிப்பு வரும். வித்தியாசம் 200 இருந்தா பெரிய கைக்கு சுமார் 76 சதவீதம், 400 இருந்தா 91 சதவீதம். மேட்ச் முடிஞ்சதும் நெஜமா நடந்ததுக்கும் (ஜெயிச்சா 1, தோத்தா 0) கணிப்புக்கும் எவ்ளோ வித்தியாசமோ அத 32ஆல பெருக்கி ஜெயிச்சவனுக்கு சேக்கணும், தோத்தவன்ட்ட இருந்து கழிக்கணும். (அந்த 32 நாங்க வெச்சுக்கிட்டது, ஃபிடே ஆளுக்குத் தகுந்த மாதிரி 40, 20, 10ன்னு வெக்கும்.) சமமான ரெண்டு பேர்ல ஒருத்தன் ஜெயிச்சா 16 பாயின்ட். 1600ல இருக்கறவன் 1400ல இருக்கறவன ஜெயிச்சா வெறும் 8 தான், ஏன்னா அது எல்லாருக்கும் தெரிஞ்ச ரிசல்ட்டு. ஆனா அந்த 1400 காரன் 1600 காரன சாய்ச்சுட்டான்னா 24. எதிர்பாக்காதது நடந்தா தான் நம்பர் ஆடும், இந்த அழகு எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

12 ஷோன்னா ஆளுக்கு 66 ஜோடி, மூணு பேருக்கும் 198. அவன் லேப்டாப்ல ஷீட் ஒண்ணு ரெடி பண்ணி ஜோடிய கலைச்சுக் கலைச்சு காட்டினான், வரிசை மாறினா கடைசி நம்பரும் கொஞ்சம் மாறும்ன்றதால அதே ஓட்டுகள பல தடவ கலைச்சு ஓட்டி சராசரி எடுத்தோம். வட்டமா சுத்தின அந்த மூணும் என்ன ஆச்சுன்னா, நேருக்கு நேர் மோதினதுல ஒண்ண ஒண்ணு சமமா இழுத்துக்கிச்சு, மத்த ஒம்போது ஷோவ யாரு எவ்ளோ அடிச்சாங்கன்றதுல தான் பிரிஞ்சுது. வட்டத்த ஈலோ ஒடைக்கல, சமம்னு ஒத்துக்குது, அவ்ளோதான்.

ஜாக்கி சான் மொத எடம், பூதம் ரெண்டு, ரேஞ்சர்ஸ் மூணு, டோரா நாலு. டோரா நாலாவது வந்தது தங்கச்சி ஓட்டால மட்டும் இல்ல, நானும் தான் போட்டேன், சொல்லிக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. எங்கள அசர வெச்சது டாம் அண்ட் ஜெர்ரி ஏழாவது போனது. மணிக்கணக்க எண்ணினா நாங்க மூணு பேரும் வாழ்க்கைல அதிகமா பாத்தது அத தான், 1940ல பொறந்த பூனையும் எலியும், எங்க தாத்தாவே பாத்து சிரிப்பாரு.

இது ஏன் விசித்திரம்னா, அதிகம் பாத்தா அதிகம் பிடிக்கும்ன்றது உளவியல்ல ரொம்ப பழைய ரிசல்ட்டு. ராபர்ட் சயான்ஸ் 1968ல அர்த்தமே இல்லாத வார்த்தைங்க, சீன எழுத்து மாதிரி கிறுக்கல், தெரியாதவங்க ஃபோட்டோன்னு ஆளுங்களுக்குக் காட்டினாரு, சிலத ஒரு வாட்டி, சிலத 25 வாட்டி. அதிகம் பாத்தது தான் நல்லா இருக்குன்னு தோணியிருக்கு, காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா அந்த ஏத்தம் ஆரம்பத்துல சரசரன்னு ஏறும், அப்புறம் சோம்பி படுத்துரும், ஓவரா காட்டினா சலிப்பு கூட வரும். டாம் அண்ட் ஜெர்ரி எங்களுக்கு எப்பவோ அந்த மேட்டுக்குப் போய் படுத்துருச்சு போல.

ஜாக்கி சான் வேற ரூட்டுல உள்ள வந்தான். நாங்க பாத்தத விட பேசினது அதிகம். அந்த கதைல 12 மந்திரக் கல்லு, சீன வருஷத்து 12 மிருகத்துக்கு ஒண்ணு ஒண்ணா. கோழி கல்லு வெச்சிருந்தா மெதக்கலாம், மாடு பலம் குடுக்கும், பாம்பு ஆள மறைச்சுரும், முயலு வேகம். ஸ்கூல் வேன்ல தெனம் காலைல அந்த கல்லுங்கள பங்கு போடுவோம், ரப்பர் தான் கல்லு. பன்னி கல்லு கண்ணுல இருந்து நெருப்பு கதிர் அடிக்கும்னு நல்லா தெரியும், இருந்தாலும் பேரு பன்னின்றதால எவனும் வாங்க மாட்டான், கடைசி ஸ்டாப்புல ஏறுற பையன் தலைல கட்டுவோம். நேத்து எபிசோட பாக்காதவனுக்கு பாத்தவன் முழுசா நடிச்சுக் காட்டணும், கதைல வர்ற மாமா போடற மந்திரம் வரைக்கும்.

மூளைக்கு இது பெரிய வேல. ஒரு விஷயத்த திரும்பப் படிக்கறத விட, பாக்காம உள்ள இருந்து எடுத்துச் சொல்றது தான் ஞாபகத்த கெட்டியாக்கும். ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியல்காரங்க 2006ல காலேஜ் பசங்கள வெச்சு பாத்தாங்க, ஒரு பாடத்த நாலு வாட்டி படிச்ச க்ரூப்பு ஒரு வாரம் கழிச்சு 40 சதவீதம் சொல்லிச்சு, ஒரு வாட்டி படிச்சு மூணு வாட்டி பாக்காம எழுதிப் பாத்த க்ரூப்பு 61 சதவீதம். அஞ்சு நிமிஷத்துலயே டெஸ்ட் வெச்சிருந்தா நாலு வாட்டி படிச்சவன் தான் முன்னாடி, நாள் ஆக ஆக தான் ஆட்டம் திரும்புது. எங்க வேன் ஒரு நடமாடும் ரிவிஷன் க்ளாஸ், பாவம் கணக்குப் பாடத்துக்கு யாரும் அப்படி செய்யல. டாம் அண்ட் ஜெர்ரிய பாருங்க, பேச்சே இல்ல, மறுநாள் வேன்ல என்னத்த சொல்லுவீங்க? அடிச்சான், ஓடினான், அவ்ளோதான். அது பின்னாடி போனதுக்கு இது தான் காரணம்னு நான் அடிச்சு சொல்லுவேன், அத்தை பையன் ஒத்துக்கல.

டோராவும் இதே வழி தான், டிவி முன்னாடியே நடந்துரும். கேள்வி கேட்டுட்டு நம்மளையே பாத்துக்கிட்டு கண்ண கொட்டிட்டு நிக்குமே, வளந்தப்புறம் மீம் போட்டு சிரிச்சோமே, அந்த கேப்பு தெரியாம விட்டது இல்ல. புள்ள உள்ள இருந்து பதில எடுத்துக் கத்தணும்னு தான் விட்டிருக்காங்க. டோராவுக்கு முன்னாடி அதே நிக்கலோடியன்ல 1996ல வந்த ப்ளூஸ் க்ளூஸ்னு ஒரு ஷோவுல ஒரே எபிசோட அஞ்சு நாள் வரிசையா போட்டாங்க, பெரியவங்களுக்கு பைத்தியம் பிடிக்கும், ஆனா ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல நாள் ஆக ஆக கொழந்தைங்களுக்கு புரிஞ்சதும் அதிகம், டிவிக்கு பதில் சொன்னதும் அதிகம்.

அத்தை பையன் லிஸ்ட்டு மட்டும் எங்கள விட கொஞ்சம் பழசு, அவன் நாலு வயசு பெரியவன், அதோட இன்னொரு காரணமும் இருக்கு. 2003 செப்டம்பர்ல நாட்டுலயே மொதல்ல சென்னைல தான் செட் டாப் பாக்ஸ் முறை வந்துச்சு, காசு கட்டுற சேனல் வேணும்னா பாக்ஸ் வாங்கணும், அத்தை வாங்கல. இருந்த சேனல்ல வந்தத தான் பாத்தான். பாக்காத ஷோ ரேங்க் லிஸ்ட்ல தோக்கறது இல்ல, லிஸ்ட்டுக்குள்ளயே வராது.

இன்னொரு கோல்மாலும் உண்டு. சோகம், எரிச்சல் மாதிரி கெட்ட உணர்ச்சிங்க ஞாபகத்துல சீக்கிரம் வெளுத்துரும், சந்தோஷம் லேட்டா தான் வெளுக்கும். கிளைமாக்ஸ்ல கரண்ட் போனது, ரிமோட்டுக்காக தங்கச்சி என் கைய கடிச்சது, இதெல்லாம் நடந்துச்சுன்னு தெரியும், ஆனா அந்த எரிச்சல் இப்ப வர மாட்டேங்குது, கடிச்ச எடத்த காட்டி சிரிக்கத் தான் தோணுது. ஜாக்கி சான் மொத்தம் 95 எபிசோடு, எனக்கு தெளிவா ஞாபகம் இருக்கற சீன் எண்ணினா நாலு தேறும். அந்த நாலுக்கு தான் மொத மார்க்கு.

அதுல ரொம்பப் பிடிச்ச சீன் எதுன்னா, கோழி கல்ல வெச்சுக்கிட்டு ஜாக்கி ஒரு மாடில இருந்து அடுத்த மாடி, அதுல இருந்து அடுத்ததுன்னு மெதந்துட்டே போவான், கீழ துணி காயப்போட்ட கொடி கால்ல சிக்கும். அத தேடி எடுத்து ரெண்டு பேருக்கும் காட்டலாம்னு மத்தியானம் பூரா உக்காந்து பாத்தேன். கிடைக்கல. தங்கச்சி சோத்த பெசஞ்சுக்கிட்டே "அது ஷோவுல இல்லண்ணா, நீ வேன்ல நடிச்சுக் காட்டுவியே, நம்ம வீட்டு மாடி, நம்ம வீட்டு கொடி, அம்மா நைட்டி கூட வரும்"ன்னா.

இதுக்கும் ஆள் இருக்காரு. ஃப்ரெட்ரிக் பார்ட்லெட்டுன்னு ஒரு பிரிட்டிஷ் உளவியல்காரர், கேம்பிரிட்ஜ்ல படிச்சவங்களுக்கு அவங்களுக்கு பழக்கமே இல்லாத ஒரு வட அமெரிக்க பழங்குடி கதைய குடுத்து, திரும்பத் திரும்ப சொல்ல வெச்சாரு, 1932ல புஸ்தகமா வந்துச்சு. சொல்லச் சொல்ல கதைல இருந்த மரத் தோணி சாதா படகு ஆயிடுச்சு, சீல் வேட்டை மீன் பிடிக்கறதா மாறிடுச்சு. ஞாபகத்த ஒவ்வொரு வாட்டி வெளிய எடுக்கறப்பவும் அத நம்ம ஊர் சாமான வெச்சு மறுபடி கட்றோம். என் விஷயத்துல அம்மா நைட்டிய வெச்சு.

அப்போ அந்த சீனுக்கு நான் ஜாக்கி சானுக்குப் போட்ட ஓட்டெல்லாம் யாருக்கு சேரணும்னு ஒரு கேள்வி வந்துச்சு. அத்தை பையன் ஒண்ணும் பேசாம ஷீட்ட தொறந்து 13ஆவதா ஒரு வரி சேத்தான், ஸ்கூல் வேன், 1500. ஆளுக்கு இன்னும் 12 மேட்ச் பாக்கி.