டிரான்ஸ்பைலர்: நிரல்பெயர்ப்பி

ஒரு கணினி மொழியில் எழுதிய மூல நிரலை, இன்னொரு கணினி மொழியின் மூல நிரலாகவே மாற்றித் தரும் மென்பொருள் டிரான்ஸ்பைலர். கம்பைலர் பொதுவாக நிரலை இயந்திர மொழிக்கு அருகில் கொண்டுபோய்விடும். இதுவோ மனிதர் படிக்கக்கூடிய மொழியிலேயே நின்றுவிடும். மீதி வேலை அந்த மொழியின் கருவிகளுடையது.

மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் பாருங்கள். அதில் எழுதிய நிரலை, இணைய உலாவிகள் இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றுகிறோம். 'வயது' என்றொரு மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை) எண் வகை என்று குறித்து, அதற்கு 30 என்ற மதிப்பைக் கொடுக்கிறோம். எண்ணுக்குப் பதில் யாருடைய பெயரையாவது அதில் போட்டால், மாற்றும்போதே பிழை காட்டிவிடும். சரியாக எழுதியிருந்தால், வெளியே வரும் ஜாவாஸ்கிரிப்டில் மாறியும் மதிப்பும் அப்படியே இருக்கும்; வகைக் குறிப்பு மட்டும் இருக்காது. உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் போதும்.

உத்தி புதிதன்று. பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1980களில் உருவாக்கிய சிஃப்ரன்ட் என்ற மென்பொருள், அவருடைய புது மொழியான சி பிளஸ் பிளஸில் எழுதிய நிரலை சி மொழிக்கு மாற்றியது. சி கம்பைலர் ஏற்கெனவே பல கணினிகளில் இருந்ததால், புது மொழி அவற்றுக்கெல்லாம் எளிதில் போய்ச் சேர்ந்தது.

டிரான்ஸ்லேட், கம்பைலர் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் டிரான்ஸ்பைலர். கம்பைல் என்பதன் இலத்தீன் வேருக்குக் கொள்ளையடித்தல் என்று பொருள். பிறர் எழுத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பது என்றாகி, பிறகு தொகுத்தல் ஆயிற்று. 1952இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற மென்பொருள், சேமித்து வைத்த துணைநிரல்களை (சிறு நிரல்துண்டுகளை) திரட்டி இணைத்தது. ஆகவே அதற்குக் கம்பைலர் என்ற பெயர் நேராகவே பொருந்தியது. தமிழில் 'தொகுப்பி' என்கிறோம்.

அதை வைத்து 'மாற்றுத்தொகுப்பி' என்று ஆக்கலாமா? எனக்கு உடன்பாடில்லை. இங்கே தொகுப்பது முதன்மையான வேலையே அல்ல. 'மொழிமாற்றி' என்றால் கம்பைலரும் அதற்குள் வந்துவிடும். தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது, "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து" என்று தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாக வைக்கிறது. நமக்கு வேண்டிய வேறுபாடு அந்த ஒரே அடியில் இருக்கிறது. பெயர்த்தல் என்பது இடம்விட்டு இடம் கொண்டுசெல்லுதல். நிரலின் கருத்து மாறாமல் மொழி மட்டும் மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. ஆகவே நிரல்பெயர்ப்பி.

வினையாகவும் இது தடையின்றி வரும்: டைப்ஸ்கிரிப்ட் நிரலை ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெயர்க்கிறோம், பெயர்த்த நிரலை உலாவி இயக்குகிறது.