ரேஷன்: பங்கீடு

‘ரேஷன்’ என்றதும் பலருக்கு மலிவு விலைக் கடைதான் நினைவுக்கு வரும். சொல்லின் பொருள் விலையில் இல்லை. ‘ஆளுக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் கிடையாது’ என்ற வரம்பில் இருக்கிறது.

வேர் லத்தீன், கணக்கு என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், படைவீரருக்கு அளந்து தரும் ஒரு நாள் உணவைக் குறித்தது. தமிழில் ‘படி’ இதற்கு மிக நெருக்கம்: அளக்கும் கலமும் படி, அளந்து தருவதும் படி. ‘படியளக்கிற சாமி’, ‘பயணப்படி’ எல்லாம் அந்த வழி வந்தவையே. ஆனால் படி, மேலே இருப்பவர் கொடுப்பது. இருப்பதை எல்லாருக்கும் பிரிப்பது ‘பங்கீடு’. கெடு ‘கேடு’ ஆனதுபோல, பங்கிடு ‘பங்கீடு’ ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் பங்கீட்டை 1940 ஜனவரி 8இல் உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சீனி மூன்றில் தொடங்கியது. குடும்பம் ஒரு கடையில் பெயரைப் பதியும். பதிந்த தலைகளை எண்ணிக் கடைக்குச் சரக்கு வரும். வாங்கும்போது அட்டையில் கழிப்பார்கள். ரொட்டியிலும் உருளைக்கிழங்கிலும் போர் முடியும்வரை கைவைக்கவில்லை. வயிற்றை நிரப்பும் அவற்றில் சுரங்கத் தொழிலாளிக்கும் எழுத்தருக்கும் ஒரே அளவு வைத்தால் முன்னவர் வயிறு காயும் என்பதால்தான். மற்றபடி, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்ற நம்பிக்கைதான் மக்களை வரிசையில் நிற்கவைத்தது. (ரொட்டிக்கு அளவு வந்தது போர் முடிந்த பிறகு, 1946இல்!)

அதே போரில் ஜப்பானியர் பிடித்து ஆண்ட சிங்கப்பூரில் அட்டை இருந்தது, அரிசி இல்லை. மாத அளவு ஆணுக்குச் சுமார் 4.8 கிலோ, பெண்ணுக்கு 3.6, பிள்ளைக்கு 2.4 என்று இறங்கியது. அரிசிக்கு வெளியூரை நம்பிய தீவு இது. கப்பல் வரத்துச் சுருங்கியதும் கள்ளச்சந்தை பெருத்தது, வீட்டுக்கொல்லையில் மரவள்ளி முளைத்தது. கையிருப்பு இல்லாத பங்கீடு வெறும் தாள்.

2020 பிப்ரவரியில், கொரோனா அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்தபோது, சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் ‘ஆளுக்கு 2 பை அரிசி’ என்று எழுதி வைத்ததைச் சிலர் ரேஷன் என்றார்கள். அது கொள்முதல் வரம்பு. பெயர்ப்பதிவு கிடையாது, அடுத்த கடைக்குப் போய் இன்னும் 2 பை வாங்கலாம். சிங்கப்பூரின் அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதி அளவைப்போல் இரு மடங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் பங்கீடு ஆகாது. அது ‘சேமக் கையிருப்பு’.