க்யூரிங்: நீராற்றுதலா, ஈரங்காப்பா?

சிமென்ட் சேர்த்த கான்கிரீட்டையோ கல்லையோ இறுகும்வரை ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் க்யூரிங். பெங்களூரில் வேலை பார்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மேஸ்திரிகளிடம் க்யூரிங் என்றால் 'தண்ணி விடுறது' என்பார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது போதும். சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல்லுக்குப் போதாது.

சொல்லின் வேர் லத்தீன் 'கூரா': கவனிப்பு, பராமரிப்பு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முதலில் நோய் தீர்ப்பதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுக் காப்பதற்கும் ஆனது. அப்புறம் ரப்பர், கான்கிரீட். மீனில் நீரை வெளியேற்றுகிற வேலைக்கும் கான்கிரீட்டில் நீரை வெளியேறாமல் காக்கிற வேலைக்கும் ஒரே பெயர்! 'பதப்படுத்துதல்' என்று தமிழில் எழுதினால் கருவாட்டு ஞாபகம்தான் வரும்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. உள்ளே ஈரப்பதம் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வினை ஏறக்குறைய நின்றுவிடும். மண் கலவையில் நீருக்குப் போட்டியும் உண்டு, மண்ணிலுள்ள களியும் (களிமண் துகள்களும்) அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெங்களூர்ச் செம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைட் என்ற கனிமம். அதிகம் உப்பாது, சிமென்டுக்கு ஒத்துவரும். இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய, கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கும் அஸ்த்ரா மையம் இந்த மண்ணைக் கல்லாக்கும் தொழில்நுட்பத்தில் நெடுங்காலம் உழைத்தது.

க்யூரிங் எப்படி நடந்தது என்பது கல்லின் விறைப்பில் தெரியும். விறைப்பு என்பது வலிமை அல்ல. விசை கொடுத்தால் எவ்வளவு குறைவாக நெளிகிறது என்பதே விறைப்பு. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெயிலில் விட்ட கல்லை உலர்ந்த நிலையிலேயே சோதித்தால் நன்றாக விறைத்திருப்பதாகத் தெரியலாம். துளைகளில் மிஞ்சிய நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நனைத்தால் அந்தப் பிடி போய்விடும். சிமென்ட் பிணைப்பு போதிய அளவு உருவாகாததால் விறைப்பும் சரியும். போதாக்குறைக்கு, சீக்கிரம் உலரும்போது மண் சுருங்கி நுண்விரிசல் விடும். நெகிழித்தாளில் சுற்றி ஈரம் போகாமல் வைத்த கல்லில் பிணைப்பு நாளாக ஆகப் பெருகும்; நனைந்தாலும் பெருமளவு தாங்கும். முழுக்க நீரில் மூழ்க வைத்ததில் வினைக்கு நீர் பஞ்சமில்லை, ஆனால் இழுத்துப் பிடிக்கும் விசை இல்லை. அதனால் சோதிக்கிற அன்று சுற்றி வைத்ததைவிட விறைப்பு குறைவாகக் காட்டினாலும் வியப்பில்லை. இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீராற்றுதல்' நல்ல சொல்தான். ஆற்றுதலில் புண்ணை ஆற்றுவது, சூட்டைத் தணிப்பது இரண்டும் இருப்பதால் 'கூரா'வுக்கு நெருங்கிய உறவு. தலைமுடியை ஆற்றுவது என்றால் உலர்த்துவது என்ற இடைஞ்சலும் இருக்கிறது. அதை முன்னால் நிற்கும் 'நீர்' சரிசெய்துவிடும். 'நீராற்றல்' என்று மட்டும் சுருக்காதீர்கள், அணைக்கட்டு மின்சாரம் போலத் தொனிக்கும். தெளித்தும் சாக்கு நனைத்தும் செய்கிற களவேலைக்கு நீராற்றுதல் என்பேன். மண்கல்லைத் தாளால் மூடியும் சுற்றியும் வைப்பதற்கு 'ஈரங்காப்பு' என்பதே என் தேர்வு. அங்கே புதிதாக நீர் ஊற்றுவதைவிட இருப்பதைத் தக்கவைப்பதுதான் வேலை.

ஆய்வறிக்கையில் '28 நாள் க்யூரிங்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது பரவலான பழக்கம். சுற்றி வைத்ததா, மூழ்க வைத்ததா, திறந்த காற்றில் விட்டதா, சோதிக்கும்போது கல் நனைந்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.