எக்ஸாமினேஷன்: தேர்வா, தணிக்கையா, சோதனையா?

"கடன் நிறுவனத்தில் அதிகாரிகள் சோதனை" என்ற தலைப்பைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? விடியற்காலையில் கார்கள் வந்து நின்றிருக்கும், அலமாரிகளைத் திறந்திருப்பார்கள், பெட்டி பெட்டியாக ஆவணங்களை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அது அமெரிக்கச் செய்தியாக இருந்து, மூலத்தில் 'எக்ஸாமினேஷன்' என்ற சொல் இருந்தால், பெரும்பாலும் இப்படி எதுவுமே நடந்திருக்காது. நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க, முன்கூட்டியே கடிதம் அனுப்பி, வேண்டிய கோப்புகளுக்குப் பட்டியல் கொடுத்து, தேதி குறித்துக்கொண்டு அரசு அலுவலர்கள் செய்கிற வேலை அது. குற்றம் நடந்ததாகச் சந்தேகம்கூட இருக்க வேண்டியதில்லை.

லத்தீனில் 'எக்ஸாமென்' என்றால் தராசின் முள். எடைபோடுதல், அளந்து பார்த்தல் என்ற பொருள்களும் உள்ள ஒரு வினையிலிருந்து அது வந்தது. ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு பள்ளியில் பரீட்சை, மருத்துவரிடம் உடல் பரிசோதனை, நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை என்று பல திசைகளில் பிரிந்துவிட்டது. வங்கித்துறைப் பொருள் அமெரிக்காவில்தான் அழுத்தமாக வேரூன்றியது. 1863-இல் தேசிய வங்கிகளைக் கண்காணிக்க நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் உருவானது; அதன் சார்பில் வங்கிகளுக்குப் போய் ஏடுகளைப் பார்த்தவர்கள் 'எக்ஸாமினர்கள்'. அவர்களுடைய கவலையெல்லாம் வங்கி முழுகாமல் நிற்குமா என்பதுதான். அங்கே கடன் வாங்கியவர் ஏமாற்றப்பட்டாரா என்ற கேள்வி வெகு பின்னால் வந்தது.

வட்டியையும் கட்டணங்களையும் கடன் வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. கடன் வசூலிப்பவர்களின் அடாவடிக்குக் கடிவாளம் போட்ட சட்டம் 1977-இல் வந்தது. சரி, இவற்றை நிறுவனங்கள் பின்பற்றுகின்றனவா என்று உள்ளே போய்ப் பார்ப்பது யார்? வங்கி என்றால் மேற்பார்வையாளர் உண்டு. வங்கி அல்லாத கடன் நிறுவனங்களோ பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பில் இருந்தன. 2008 நெருக்கடியில் வீட்டுக்கடன்கள் சரிந்தபோது இந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. 2010-இல் நிதித்துறையைச் சீர்திருத்தும் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்தது. அதன்படி உருவான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2011 ஜூலையில் வேலையைத் தொடங்கியது. 2012-இல் வங்கி அல்லாத நிறுவனங்களையும் ஆய்வு செய்யத் தொடங்கியது. வீட்டுக்கடன், சம்பளத்தை நம்பிக் கொடுக்கும் குறுகியகாலக் கடன், தனியார் கல்விக்கடன் ஆகியவற்றைக் கொடுப்பவர்கள் எவ்வளவு சிறியவர்களாக இருந்தாலும் அதன் வரம்புக்குள் வருவார்கள். கடன் வசூல் போன்ற மற்ற துறைகளில் பெரிய நிறுவனங்கள் மட்டும். வசூல் தொழிலில் ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் பெரிய நிறுவனம் என்று 2012-இல் ஒரு விதி வகுத்தார்கள்.

உள்ளே போனவர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? முதலில் கொள்கை ஏடுகள், பயிற்சிப் பதிவுகள், வாடிக்கையாளர் புகார்கள். இவை ஓரளவு அலுப்பான பகுதிதான். அப்புறம்தான் உண்மையான வேலை. மொத்தக் கடன் கோப்புகளிலிருந்து ஒரு மாதிரித் தொகுதியை எடுத்து, ஒவ்வொன்றிலும் சொல்லப்பட்டிருக்கும் ஆண்டு வட்டி வீதத்தைத் தாங்களே மறுபடி கணக்கிடுவார்கள். சாதாரணக் கடனில் 0.125 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிழை. அது தட்டச்சுப் பிழையா, ஏதோ ஒரு கட்டணத்தை வட்டிக் கணக்கில் சேர்க்காமல் விட்ட தந்திரமா என்பது அடுத்த கேள்வி.

வசூல் நிறுவனம் என்றால் தொலைபேசி ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து கேட்பார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இதில் கடனாளி இருக்கும் இடத்து நேரம்தான் கணக்கு. நியூயார்க் அலுவலகத்தில் காலை 9.30-க்குப் பொத்தானை அழுத்தியவர், லாஸ் ஏஞ்சலிஸில் 6.30-க்கு ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருப்பார். ஒரு அழைப்பு அப்படிப் போனால் கவனக்குறைவு என்று சொல்லலாம். நூறு அழைப்புகள் போயிருந்தால் நிறுவனத்தின் மென்பொருளே நேர மண்டலத்தைப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். ஆய்வு தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கோளாறைத்தான்.

முடிவில் அறிக்கை, திருத்தவேண்டியவற்றின் பட்டியல், 1 முதல் 5 வரை ஒரு தரமதிப்பு. 1 சிறந்தது, பள்ளி மதிப்பெண் பழக்கத்தில் 5 வாங்கினால் நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. இந்தத் தரமதிப்பு ரகசியம். நல்ல மதிப்பு கிடைத்தாலும் நிறுவனம் அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடியாது. வழக்கும் அபராதமும் வேறு பிரிவின் வேலை. ஆய்வில் கண்டது அங்கே போகலாம், போகாமலும் இருக்கலாம்.

இனி தமிழுக்கு வருவோம். 'தணிக்கை' என்று பலர் எழுதுகிறார்கள். அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல் இது. தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ என்று உறவுக்காரர்கள் உண்டு. வந்த சொல் என்பதற்காக அதைத் தள்ளவேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். 'ஆடிட்' என்பதற்குத் தணிக்கை ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஆடிட்டர் நிறுவனத்திடம் கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்கறிக்கை சரியா என்று சொல்பவர். எக்ஸாமினரோ அரசு அனுப்பும் ஆள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், "தணிக்கையில் தேறிய நிறுவனம் ஆய்வில் மாட்டியது" போன்ற சாதாரண வாக்கியத்தைக்கூட எழுத முடியாமல் போகும். 'சோதனை' காவல்துறை, வருமானவரிச் செய்திகளின் வாடை வீசும் சொல். 'தேர்வு' என்றால் மாணவர்தான் நினைவுக்கு வருவார்.

மிஞ்சுவது 'ஆய்வு'. எளிய சொல், ஆனால் பொருத்தமானது. ஆய்தல் என்பதைத் தொல்காப்பிய உரியியல் 'உள்ளதன் நுணுக்கம்' என்ற பொருளில் வைக்கிறது. இன்றும் கீரை ஆய்கிறோம்: ஒவ்வொரு இலையாகப் புரட்டி, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் பிரித்து எடுக்கிறோம். கடன் கோப்புகளில் அதிகாரிகள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் இந்த வேலையை ஆங்கிலத்தில் 'கம்ப்ளையன்ஸ் எக்ஸாமினேஷன்' என்பார்கள். அதில் வரும் 'கம்ப்ளையன்ஸ்' என்பதற்கு 'இணக்கம்' என்று எழுதுவது பரவிவிட்டது. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. இணக்கம் என்றால் இரண்டு பேர் ஒத்துப்போவது. சட்டத்தோடு யாரும் சமரசம் பேசுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் நிரப்புதல், நிறைவேற்றுதல் என்றுதான் பொருள். நம்மிடம் 'கடைப்பிடித்தல்' இருக்கிறது: விடாமல் பற்றி நடத்தல். ஆகவே 'சட்டக் கடைப்பிடிப்பு ஆய்வு' என்பது என் பரிந்துரை. நீளம்தான். ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்த இடங்களில் 'ஆய்வு' என்று மட்டும் எழுதினால் போதும்.

எக்ஸாமினரை மட்டும் 'ஆய்வாளர்' என்று எழுதாதீர்கள். காவல்துறை இன்ஸ்பெக்டரும் ஆய்வாளர், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் ஆய்வாளர். 'ஆய்வு அலுவலர்' என்றால் இவர்கள் யாரோடும் குழம்பாது.