ஸ்டாக் கார்: ஒரு சொல்லும் அதன் மின்சார நாளையும்

பைக்கை சர்வீஸுக்கு விட்டால் மெக்கானிக் முதலில் கேட்பது, “சைலன்சர் ஸ்டாக்கா, மாத்தினதாண்ணே?” என்றுதான். கம்பெனியில் வந்தது அப்படியே இருக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவின் ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தில் வரும் ஸ்டாக்கும் இதே ஸ்டாக்தான். பங்குச்சந்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பங்குக் கார் பந்தயம்’ என்று எழுதினால் பொருள் அடியோடு கெட்டுப்போகும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடிமரம், மரக்கட்டை என்று பொருள். பிறகு வணிகர் போடும் முதலுக்கும் கடையில் அடுக்கிய சரக்குக்கும் அதுவே பெயராயிற்று. நம் ‘முதல்’ நடந்து வந்த வழியும் இதுதான். சங்கப் பாடல்களில் ‘முழுமுதல்’ என்றால் பருத்த அடிமரம். இன்று ‘முதல் போட்டான்’ என்றால் பணம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மரத்தடியில் வந்து நிற்பது எனக்குத் தீராத வியப்பு. கடைச் சரக்கிலிருந்து எடுத்து, கைவைக்காமல் ஓட்டும் கார் என்பதால் ‘ஸ்டாக் கார்’.

அந்தக் ‘கைவைக்காமல்’ எவ்வளவு கண்டிப்பானது என்பதை 1949 ஜூன் 19 காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பில் பிரான்ஸ், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கியிருந்தார். ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’ என்ற பிரிவின் முதல் பந்தயம் சார்லட் நகரில், முக்கால் மைல் மண்பாதையில் 200 சுற்று. முதலில் வந்தவர் ஃபோர்டு ஓட்டிய கிளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தால், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் கைவைத்திருக்கிறார்கள். கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்கச் செய்துகொண்ட வேலை அது. டனவேயின் வெற்றி ரத்தானது. லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவித்தார்கள். ஒரு பட்டைக்காகப் பரிசே போயிற்று.

இன்று அதே நாஸ்கார் காரின் அருகில் போய்ப் பாருங்கள். ஹெட்லைட் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர். திறக்கிற கதவு கிடையாது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறார். அமெரிக்க ஷோரூமில் டொயோட்டாவின் 2025 மாடல் கேம்ரி வாங்கினால் 4 சிலிண்டர் ஹைபிரிட்தான் கிடைக்கும். பந்தயக் கேம்ரியிலோ 358 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். செவ்ரோலேயின் தெருக் கமாரோ 2024 மாடலோடு நின்றது. பந்தயக் கமாரோ அதற்குப் பிறகும் ஓடியது. பெயரில் மட்டும்தான் ஸ்டாக் மிச்சம்.

இந்த நிலையில்தான் மின்சாரக் கார் வருகிறது. 2024 ஜூலையில் சிகாகோவில் நாஸ்கார் ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. மூன்று மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் விசை, உச்சத்தில் 1,000 கிலோவாட், 78 கிலோவாட் மணி பேட்டரி. கணக்குப் போட்டால் உச்ச விசையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘டேடோனா 500’ என்ற 500 மைல் பந்தயத்துக்கு இது எட்டாது. மார்ட்டின்ஸ்வில் போன்ற அரை மைல் பாதையில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வளைவிலும் பிரேக் மிதித்தே ஆகவேண்டும். மிதிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். வி8-ஐக் கைவிடும் எண்ணம் இல்லை என்று நாஸ்கார் அப்போதே சொல்லிவிட்டது. அந்த உறுமலுக்காகவே வரும் ரசிகர்களை எனக்கும் புரிகிறது.

ஆனால் ‘ஸ்டாக்’ என்ற சொல் பெட்ரோலைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. 1949-இல் கேட்ட கேள்வி ஒன்றே: இது கடையில் விற்கும் வண்டியா? கடையில் மின்சார வண்டி விற்றால் அதுவும் ஸ்டாக் கார்தான். சிகாகோவில் காட்டிய கார் எந்த ஷோரூமிலும் இல்லாத உருவம். பிறகு ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ, செவ்ரோலே பிளேசர் பெயர்களில் மாதிரிகள் வந்தன. அந்த இரண்டு பெயரையாவது ஷோரூமில் கேட்டு வாங்கலாம். வண்டி மின்சாரமானால் சொல்லின் பழைய பொருள் திரும்பி வர ஒரு வாய்ப்பு உண்டு என்றே நம்புகிறேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘சரக்குக் கார்’ என்றால் பாரம் ஏற்றும் வண்டி நினைவுக்கு வரும். ‘இருப்புக் கார்’ என்றால் இருப்புப்பாதை குறுக்கே நிற்கும். ‘முதல்வடிவக் கார்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சோதனைக்குச் செய்த முதல் கார் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ‘மாற்றாக் கார்’ இலக்கணப்படி சரி. காதில் ‘மாற்றுக் கார்’ என்று விழுகிறது. ‘விற்பனைவடிவக் கார்ப் பந்தயம்’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனாலும் விற்கும் வடிவத்திலேயே ஓடவேண்டும் என்ற நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பேச்சில் ‘கம்பெனி வண்டிப் பந்தயம்’ என்றால் எந்த மெக்கானிக்குக்கும் விளக்கவே தேவையில்லை.