படர்ந்தும் பூக்காத முல்லைக்கொடி

தோட்டக்கலை ஆலோசனைக்காக நான் செல்லும் வீடுகளில் பெரும்பாலும் கேட்கும் குறை ஒன்றே: முல்லையோ ஜாதிமல்லியோ மொட்டைமாடி வரை ஏறி அடர்ந்துவிட்டது, ஆனால் சாமி படத்துக்கு ஒரு முழம் தொடுக்கும் அளவுக்குக்கூடப் பூப்பதில்லை. மாதந்தோறும் யூரியா இட்டதாகவும் அவர்களே சொல்வார்கள். யூரியா தருவது தழைச்சத்து; அது மிகுந்தால் இலையும் தண்டும்தான் கொழிக்கும். அந்தக் கொடிக்கு வேண்டியது கவாத்தும் (பழைய கிளைகளை வெட்டிவிடுதல்), நாளுக்கு 6 மணி நேர வெயிலும்.

முல்லை, ஜாதிமல்லி (தோவாளைப் பக்கம் இதனைப் பிச்சி என்பர்), குண்டுமல்லி ஆகிய மூன்றும் புதிதாக விடும் துளிர்களிலேயே மொட்டு வைப்பதால், ஆண்டுக்கணக்கில் வெட்டப்படாத முதிர்ந்த கொடியில் பூக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. தமிழகத்தில் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்வது முறை. வயலில் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் மொத்தமாக வெட்டிவிடுவார்கள். ஆசையாகப் பந்தலில் ஏற்றிய கொடியை அவ்வளவு தாழ்வாக வெட்ட எவருக்கும் மனம் வராது. அப்படிச் சொல்வது எனக்கும் எளிதாக இருந்ததில்லை. வீட்டில் வளர்ப்பவர்கள் முதன்மைத் தண்டுகளை நிறுத்திக்கொண்டு, பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, எஞ்சிய இலைகளை உருவிவிடலாம். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, வெட்டிய பிறகு, தரையில் நட்ட கொடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

கவாத்துக்கும் கட்டுப்படாத நிலை ஒன்று உண்டு. முல்லையில் மொட்டு மலராமல் பச்சை இலைக்கொத்தாக மாறினால் அது நோய். அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடுவதே நல்லது. அதிலிருந்து பதியன் போட்டோ, நடவுக்குக் குச்சி வெட்டியோ அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மொட்டுப்புழு துளைத்த மொட்டுகள் ஊதா நிறமேறிக் காய்வதைக் கண்டதும் பலர் கடைக்குச் சென்று ஏதேனும் ஒரு பூச்சிமருந்தை வாங்கித் தெளித்துவிடுகிறார்கள். பறித்த அன்றே தலையில் சூடி, குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ என்பதால், மொட்டுக் காலத்தில் இரசாயன மருந்து தெளிக்க வீட்டுத் தோட்டத்தாருக்கு நான் ஒருபோதும் சொல்வதில்லை. இரண்டு மூன்று கொடிகளே உள்ள வீட்டில், நிறம் மாறிய மொட்டுகளை அன்றாடம் பொறுக்கி வெந்நீரில் போட்டு அழித்து வந்தாலே புழுவின் பெருக்கம் வெகுவாகக் குறையும்.